பட்டணம் புறப்படப் பஞ்சாங்கத்தைக் கேட்பதா?



நமது அருப்புக்கோட்டையில் தறி நெய்து பிழைக்கும் தோழர் ஒருவரின் மகளுக்குச் சென்னையில் உத்தியோகம் கிடைத்திருக்கிறது. பரீட்சை எழுதித் தன் சொந்த அறிவால் சம்பாதித்த உத்தியோகம். மாதச் சம்பளம் என்பதை அந்தக் குடும்பத்தில் இதுவரை கண்டவர் ஒருவருமில்லை. குறித்த தேதிக்குள் வந்து சேராவிட்டால் உத்தரவு ரத்தாகும் என்று அந்தக் கடிதத்திலேயே அச்சிட்டிருக்கிறது. அந்தத் தேதியோ மார்கழி மாதத்தில் வந்து விழுந்துவிட்டது. அவ்வளவுதான்; வீடு இரண்டுபட்டுப் போயிற்று.

"மார்கழியில் குடி பெயர்ந்தால் குடும்பம் விளங்குமா? தை பிறக்கட்டும்" என்கிறார் பெண்ணின் பெரியப்பா. இவர் படியாதவர் அல்லர். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பூகோளம் கற்பித்து, அதற்காகச் சர்க்காரிடம் பென்ஷனும் வாங்கிக் கொண்டிருப்பவர். பூமி உருண்டை என்றும், அது சூரியனைச் சுற்றுகிறது என்றும் பிரம்பை வைத்துக்கொண்டு சொல்லிக் கொடுத்த அதே கையில் இன்று பஞ்சாங்கம் இருக்கிறது. தை பிறக்கும்வரை காத்திருந்தால் பஞ்சாங்கம் பிழைக்கும். உத்தியோகம் பிழைக்குமா என்பதுதான் நமது கேள்வி. தை பிறந்து வழியும் பிறந்து, போய்ச் சேர இடமில்லாவிட்டால் அந்த வழி எங்கே கொண்டுபோய் விடும்?

இந்த மார்கழி விஷயத்தையே எடுத்துக் கொள்வோம். கீதையிலே கிருஷ்ணன் தன்னைப் பற்றிப் பெருமை பேசிக் கொள்ளும்போது, மாதங்களுக்குள் தான் மார்கழி என்று சொல்லிக் கொள்ளுகிறான். கடவுளுக்கு உயர்ந்த மாதம், அதே கடவுளைக் கும்பிடுகிறவன் வீடு மாறுவதற்கு மட்டும் பீடை மாதமாக எப்படி ஆயிற்று? இதற்கு ஒரு வைதிகராவது பதில் சொல்லட்டும். ஆடி மாதச் சங்கதி இதைவிட வேடிக்கை. வருஷத்தில் 8 நாள்தான் வாஸ்து புருஷன் விழித்திருக்கிறானாம். மற்ற நாளெல்லாம் தூக்கமாம். அந்த 8 நாளில் ஆடி மாதம் 11-ந் தேதியும் ஒன்று என்று பஞ்சாங்கத்திலேயே போட்டிருக்கிறது. ஆனால் ஆடியில் குடி போகக் கூடாது என்று சொல்லுகிறவரும் அதே பஞ்சாங்கக்காரர்தான். வாஸ்து புருஷன் விழித்துக் கொண்டாலும் நாம் போகக் கூடாது. தூங்கினாலும் போகக் கூடாது. பின்னே எப்போதுதான் போவது?

ஏர் பிடித்தவனுக்கு ஆடியில் விதைப்பு, மார்கழியில் கதிர் முற்றும் காவல். அந்தச் சமயத்தில் வீட்டைத் தூக்கிக்கொண்டு போகாதே என்று எவனாவது ஒரு காலத்தில் சொல்லியிருந்தால் அதில் காரணம் இருந்திருக்கலாம். நமது தோழர் வீட்டில் ஏர் ஏது, காணி ஏது? இரண்டு தறியும், சங்கத்துக் கடனுந்தானே இருக்கிறது!

மாதம் போகட்டும், கிழமையைப் பார்ப்போம். செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். சென்னை நமக்கு வடக்கே இருக்கிறது. ஆகவே அந்த இரண்டு நாளும் கூடாது. மீறிப் போவதானால் பால் குடித்துவிட்டுப் போகலாம் என்று பரிகாரம் ஒன்றும் வைத்திருக்கிறார்கள். மதுரையிலிருந்து சென்னைக்குப் பாண்டியன் எக்ஸ்பிரஸ் தினந்தோறும் ஓடுகிறது. திருநெல்வேலியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் தினந்தோறும் வண்டி ஓடுகிறது. செவ்வாய், புதன் என்று அவற்றில் ஏதாவது ஒன்றையாவது ரயில்வேக்காரர்கள் நிறுத்தி வைத்ததுண்டா? அல்லது இன்ஜினுக்குப் பால் ஊற்றி அனுப்புகிறார்களா? வாரத்தில் 2 நாள் அத்தனை ஆயிரம் ஜனங்களையும் சூலம் குத்தாமல் விட்டுவிட்டு, அருப்புக்கோட்டைப் பெண் ஒருத்திக்காக மட்டும் காத்துக் கொண்டிருக்கிறதா?

கிழமைக்குப் பிறகு மணி. இராகு காலம் தினம் ஒன்றரை மணி, எமகண்டம் தினம் ஒன்றரை மணி. வாரத்துக்குப் பகல் 84 மணி நேரம் என்று வைத்துக் கொண்டால் இந்த இரண்டுக்கும் 21 மணி நேரம் போய்விடுகிறது. அதாவது மனிதன் வேலை செய்யக்கூடிய பகலில் காலே அரைக்கால் அல்ல, சரியாகக் கால் பங்கு கெட்ட காலம்! இந்த இராகு யார்? வானத்தில் அப்படி ஒரு கோளமே கிடையாது. சந்திரன் செல்லும் பாதையும், சூரியன் செல்வதாக நமக்குத் தோன்றும் பாதையும் ஒன்றையொன்று வெட்டிக் கொள்ளுகிற இரண்டு இடங்களுக்கு நம்மவர் வைத்த பெயர் இராகு, கேது. இரண்டு தெரு கூடுகிற முனைக்கு ஒரு பெயர் வைத்துவிட்டு, அந்த முனை வந்து நம்மைக் கடிக்கும் என்று பயப்படுவது போன்றது இது. இதைப் பூகோள வாத்தியாருக்கு, எட்டாவதோடு படிப்பை நிறுத்திப் புத்தகம் தைக்கும் கடையில் எழுத்துக் கூட்டி வாசித்துக் கற்றுக்கொண்ட நாம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நிற்க. பெண்ணின் அப்பத்தாளைப் பற்றி நாம் ஒன்றும் குறை சொல்ல வரவில்லை. அந்த அம்மாளுக்குப் பயம் உண்மையான பயம். 500 கிலோ மீட்டருக்கு அப்பால், முகம் தெரியாத ஊரில், பேத்தி எங்கே படுப்பாள், எதைத் தின்பாள் என்ற பயம். அதைச் சொல்ல வேறு வார்த்தை தெரியாததால் மார்கழி என்கிறார். அந்தப் பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது நமது கடமை. நல்ல நேரம் பார்ப்பதற்குச் செலவழிக்கிற மூளையில் பாதியை நல்ல வீடு பார்ப்பதில் செலவழித்தால் அதுவே அந்தப் பயத்துக்குப் பதில்.

பட்டணத்தில் வீடு பார்க்கப் போகிறவர்கள் வாசல் எந்தத் திசை, அடுப்பு எந்த மூலை என்று பார்க்கிறார்கள். மழைத் தண்ணீர் எந்தத் திசையில் போகும் என்று பார்க்கிறவர் எத்தனை பேர்? 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது முடிச்சூரும் கோட்டூர்புரமும் முழுகின. வேளச்சேரியும் தப்பவில்லை. 2023 டிசம்பரில் புயல் மழையின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர். அங்கே வாஸ்துப்படி கட்டிய வீடு மிதந்ததா, வாஸ்து இல்லாத வீடு முழுகிற்றா? சதுப்பு நிலத்தையும் ஏரியையும் தூர்த்துக் கட்டினால் தண்ணீர் தன் இடத்தைத் தேடி வருகிறது. அதற்கு ஈசானியமும் தெரியாது, அக்கினி மூலையும் தெரியாது. ஆகவே வீடு பார்க்கப் போகும் தோழர்கள் சுவரில் பழைய தண்ணீர்க் கறை இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து வீட்டம்மாளிடம் போன மழைக்கு எத்தனை படி முழுகிற்று என்று கேளுங்கள். கோடையில் குடிதண்ணீர் குழாயிலா, லாரியிலா என்று கேளுங்கள். இதெல்லாம் எந்த ஜோசியனும் சொல்ல மாட்டான்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பட்டணத்தில் 10 மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாளைய வழக்கம். நமது சட்டசபையில் 2017-இல் நிறைவேறி 2019-இல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டம், 3 மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. ஆனால் வேறு விதமாக ஒப்பந்தம் செய்து கொண்டாலொழிய என்று ஒரு சந்தையும் அதிலேயே திறந்து விட்டிருக்கிறார்கள். வீட்டுக்காரர்கள் அந்தச் சந்து வழியாகத்தான் நடக்கிறார்கள். இருந்தாலும் சட்டம் தெரிந்தவன் பேரம் பேசுவதற்கும் தெரியாதவன் பேரம் பேசுவதற்கும் வித்தியாசம் உண்டு. ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்க வேண்டும், பதிய வேண்டும். கிரகப் பிரவேசத்துக்கு ஐயருக்குக் கொடுக்கிற பணத்தை இதற்கு வைத்துக் கொள்ளுங்கள்.

இனி, பஞ்சாங்கத்தைவிடப் பெரிய விஷம் ஒன்றிருக்கிறது. போன வாரம் நமது தோழர் மகளுக்காகத் தரகர் ஒருவரிடம் டெலிபோனில் பேசினோம். வாடகை சொன்னார், முன்பணம் சொன்னார். பிறகு, "நீங்க என்ன ஆளுங்க?" என்றார். மனிதர்கள் என்றோம். சிரித்தார். "அது சரிங்க, கவுச்சி உண்டா? வீட்டுக்காரங்க சுத்த சைவம்" என்றார். 2014-இல் இந்திய சர்க்கார் எடுத்த கணக்குப்படி தமிழ்நாட்டில் 100-க்கு 97 பேருக்கு மேல் மாமிசம் தின்கிறவர்கள். அந்த 97 பேரின் நாட்டில் மிச்சமுள்ளவர்களின் அடுப்பங்கரைக்கு ஏற்றபடி மற்றவர்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது! உண்மையில் இது மீனைப் பற்றிய கேள்வியே அல்ல. ஜாதியை நேரே கேட்க வெட்கப்படுகிறவன், மீனைக் கேட்டு ஜாதியைத் தெரிந்து கொள்கிறான். மீன் தின்னாத பஞ்சமன் ஒருவன் போய் நிற்கட்டும், வீடு கிடைக்கிறதா பார்ப்போம்.

1917-இல் அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்த அம்பேத்கர் பரோடாவில் பெரிய உத்தியோகத்துக்குப் போனார். தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி என்று பெயர் சொல்லி ஒரு பார்சி விடுதியில் தங்கினார். சில நாளில் தடியோடு கூட்டம் வந்து வெளியேற்றியது. ஊரை விட்டே திரும்பினார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது தடி இல்லை. "வீடு போயிடுச்சுங்க" என்ற இரண்டு வார்த்தை இருக்கிறது. 2005-இல் ஆமதாபாத் பார்சிகளின் வீட்டுச் சங்கம் ஒன்று, தங்கள் மதத்தவருக்கு மட்டுமே இடம் என்று வைத்திருந்த விதி செல்லும் என்று சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஜனங்களிடம் வரி வாங்கிப் போட்ட ரோட்டில், ஜனங்களின் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, ஜாதிக்கு ஒரு வேலி, மதத்துக்கு ஒரு வேலி! இதற்கு ஒரு சட்டம் வேண்டாமா என்று கேட்கிறோம்.

ஆனால் வீட்டுக்காரனை மட்டும் வைது என்ன பயன்? நமது தோழர்களின் யோக்கியதையையும் சற்றுப் பார்க்க வேண்டும். நம் ஊரில் மேடையேறி ஜாதி ஒழிக என்று தொண்டை கிழியக் கத்துகிறவன், பட்டணத்துக்கு மூட்டை கட்டின உடனே முதலில் தேடுவது எது? தன் ஜாதிச் சங்கத்தின் விலாசத்தை. ஜாதிக்காரன் நடத்தும் விடுதி, ஜாதிக்காரன் சிபாரிசுக் கடிதம், ஜாதிக்காரன் கடையில் கணக்கு. கேட்டால், "முகந்தெரியாத ஊராச்சே" என்கிறான். இதை நாம் யாரைப் பற்றியோ சொல்லவில்லை. இருபது வருஷத்துக்கு முன் இந்த வியாசம் எழுதுகிறவனே பட்டணத்தில் அச்சாபீஸ் வேலைக்குப் போனபோது, 4 மாதம் ஜாதிக்காரர் விடுதி ஒன்றில் வாடகை இல்லாமல் படுத்திருந்தவன்தான். அங்கே சோறு இனாம். ஆனால் கூட வேலை செய்த வேறு ஜாதித் தோழன் ஒருவன் காய்ச்சலோடு வந்து ஒரு இரவு படுக்க இடம் கேட்டபோது, விடுதி விதி இடங்கொடாது என்று நம் வாயாலேயே சொல்லி அனுப்பினோம். அன்று அவன் எங்கே படுத்தான் என்று நமக்கு இன்றுவரை தெரியாது. இனாம் சோற்றின் விலை அது.

1957-இல் திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டலின் பெயர்ப் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற எழுத்தை எடுக்கச் சொல்லி நமது தோழர்கள் பல மாதம் நாள்தோறும் நின்று சிறைக்குப் போனார்கள். அந்த எழுத்து போயிற்று. இன்று பட்டணத்தில் எந்த ஓட்டலிலும் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்து தின்கிறார் என்று கேட்பாரில்லை. நம் பக்கத்துக் கிராமங்களில் டீக்கடைக் கிளாஸைப் பற்றி இப்படி நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியுமா? பட்டணம் கெட்டது, பெண் கெட்டுப் போவாள் என்று புலம்புகிறவர்கள் இதையும் யோசிக்கட்டும். நம் ஊரில் பெண் பேருந்து நிலையத்தில் 10 நிமிஷம் நின்றால் வீட்டுக்குச் சேதி வந்துவிடுகிறது. அதைத்தான் இவர்கள் பாதுகாப்பு என்கிறார்கள். அதே ஊரில்தான் வேறு ஜாதிப் பையனோடு பேசினாள் என்று கழுத்தைத் திருகுகிறார்கள். 1948-இல் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் புகழ்ந்தவர்களுக்கு அம்பேத்கர் கொடுத்த சூட்டை நம் பெரியப்பாமார்களுக்கு யாராவது வாசித்துக் காட்டினால் நல்லது.

ஆகவே அந்தப் பெண்ணுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்பீர்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்காகச் சர்க்கார் நடத்தும் 'தோழி' விடுதிகள் பட்டணத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் இருக்கின்றன. அதற்கு மனுப் போட்டாயிற்று. இடம் கிடைக்கும்வரை, நம் இயக்கத் தோழர் ஒருவர் வீட்டில் தங்குகிறாள். அவர் பெண்ணின் ஜாதியும் அல்ல, நமது ஜாதியும் அல்ல. சான்றிதழ்களெல்லாம் அசல் ஒரு பையிலும் நகல் ஒரு பையிலுமாகத் தனித்தனியே வைத்தாயிற்று. ரேஷன் கார்டு பற்றிக் கவலையில்லை; 2020 அக்டோபரில் வந்த ஏற்பாட்டின்படி எந்த ஊர்க் கடையிலும் வாங்கலாம். ஓட்டு மாற்ற 8-ஆம் எண் படிவம். முதல் சம்பளம் வரும்வரை செலவுக்கு, சீட்டுப் பணத்தைத் தோழர் எடுத்துக் கொடுத்துவிட்டார். சாதகம் பார்க்க வைத்திருந்த பணமும் அதில் சேர்ந்தது.

புறப்பாடு மார்கழி மாதம், செவ்வாய்க்கிழமை, வடக்கே சூலம். மாலையில் பேருந்து, விடிந்தால் கிளாம்பாக்கம். கோயம்பேட்டுக்குப் போய் இறங்குகிற காலம் போய்விட்டது என்று பெண் நமக்கே சொல்லிக் கொடுத்தாள். பெரியப்பா வழியனுப்ப வரமாட்டாராம். அப்பத்தாள் வருகிறார். சூலத்துக்குப் பால் கொடுத்தனுப்புவேன் என்றார். தாராளமாகக் கொடுங்கள் அப்பத்தா, இராத்திரிப் பயணத்துக்கு வயிற்றுக்கு நல்லது, கொஞ்சம் காப்பித் தூளும் போட்டுக் கொடுங்கள் என்றோம். அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வர முடிந்த தோழர்கள் அன்று மாலை பேருந்து நிலையத்துக்கு வாருங்கள்.