27 வயதில் முதல் ஒற்றையர் கோப்பை



"இந்த வயசுக்கு மேல என்ன சாதிக்கப் போற?" நம் வீடுகளில் யாராவது ஒருவர் இப்படிக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார். நல்ல வேலை அமையாத மகனிடம், குழந்தை வளர்ந்தபின் மறுபடி படிக்க நினைக்கும் மருமகளிடம்... கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை, கவலையில் கேட்கிறார்கள்.

அவர்களுக்கு ராடெக் ஸ்டெபானெக்கைப் பற்றிச் சொல்ல ஆசை. செக் நாட்டு டென்னிஸ் வீரர். 'அட, நம்ம லியாண்டர் பயஸோட பார்ட்னர்!' என்று சிலருக்கு ஞாபகம் வரும். 2012-ல் ஆஸ்திரேலிய ஓப்பன், 2013-ல் அமெரிக்க ஓப்பன் என இரண்டு இரட்டையர் பட்டங்களைச் சேர்ந்து வென்றவர்கள். இரண்டாவது கோப்பையைத் தூக்கியபோது ஸ்டெபானெக்குக்கு 34, பயஸுக்கு 40!

ஸ்டெபானெக் தொழில்முறை வீரரானது 1996-ல். ஒற்றையரில் முதல் ஏடிபி பட்டம் கிடைத்ததோ 2006-ல், ரோட்டர்டாமில். வயது 27. டென்னிஸில் பலர் உச்சம் தொட்டு முடிக்கிற வயது அது. இவரோ அதே ஆண்டு உலகத் தரவரிசையில் 8-ம் இடத்துக்கு வந்தார்.

நடுவில் அந்தப் பத்து வருஷம் என்ன செய்தார்? இரட்டையர் ஆட்டம் கைகொடுத்தது. 2002-லேயே அமெரிக்க ஓப்பன் இரட்டையர் இறுதிப்போட்டி வரை போனார். அங்கே அவரை வீழ்த்திய ஜோடியில் ஒருவர் நம் மகேஷ் பூபதி. வலையருகே ஓடிவந்து, பந்து தரையைத் தொடுமுன் அடிக்கிற 'வாலி' இரட்டையருக்கு உயிர். ஒற்றையரிலும் அதுவே அவருக்கு ஆயுதமானது.

நாடுகளுக்கிடையே நடக்கும் அணிப் போட்டியான டேவிஸ் கோப்பையின் 2012 இறுதிப்போட்டி பிராகில் நடந்தது. எதிரணி ஸ்பெயின். முதல் நாள் ஒற்றையரில் ஸ்டெபானெக் தோற்றார்; மறுநாள் இரட்டையரில் ஜெயித்தார். மூன்றாம் நாள் 2-2 என்று நின்றபோது, கடைசி ஆட்டம் அவர் தலையில் விழுந்தது. 34-வது பிறந்தநாளுக்கு ஒன்பது நாள் பாக்கி. ஸ்பெயினின் அல்மாக்ரோவை வென்று, தனி நாடான செக் குடியரசுக்கு முதல் டேவிஸ் கோப்பையை வாங்கித் தந்தார். அடுத்த ஆண்டு பெல்கிரேடில் நடந்த இறுதிப்போட்டியிலும் கடைசி ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தவர் அவர்தான்.

எல்லோருக்கும் இது வாய்க்குமா? வாய்க்காது. ஆனால், லட்சியம் தள்ளிப்போகும்போது, அவருக்கு இரட்டையர் ஆட்டம் போல, அதை ஒட்டிய இன்னொரு வேலை சோறும் போடும், பயிற்சியும் தரும். பிள்ளைகளுக்குக் கெடு வைப்பதைவிட, அப்படி ஒரு வேலையைத் தேட உதவுவது நல்லதில்லையா?

உங்கள் வீட்டிலும் தாமதமாக ஜெயித்தவர்கள் இருப்பார்கள். எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்