ஏரியின் வாய் அடைபடுமுன்

துன்பம் திடுமென வந்தது என்பார், அதன் வருகையைக் கவனியாதிருந்தவரே. 2004 திசம்பர் 26 காலையில் சுமத்திராவை அடுத்துக் கடலடி நிலம் அதிர்ந்தது. ஆழிப்பேரலை தமிழகக் கரையை எட்ட இரண்டு மணி நேரத்திற்கு மேலாயிற்று. காலம் இருந்தது, கரையில் வாழ்வோர்க்கு அறிவிக்கும் ஏற்பாடுதான் இல்லை. ஐதராபாத்தில் அதற்கென நடுவம் அமைந்தது 2007-இல்தான்!

பழவேற்காட்டு ஏரியோ பல்லாண்டுகளாகவே அறிகுறி காட்டி வந்துள்ளது. அதன் கழிமுகம் மணல் மேடிட்டுப் பன்முறை தூர்ந்தது. வாய் அடைபட்டால் கடல்நீர் புகாது, மீன் குஞ்சும் இறாற் குஞ்சும் வாரா, கோடையில் நீர் வற்றி உவர்ப்பு மிகும், வலை வெறுமையாகும்.

இதனை முதலில் அறிபவர் மீனவர்; அவர் சொல்லையே அரசு முதலில் கேட்டல் வேண்டும். கழிமுகத்தை என்றும் திறந்து வைத்தல் அரசின் கடன். வலையொன்றையே நம்பியிராமை ஊரின் கடன். தோணிரேவு மகளிர் பனையோலை முடைந்து அதற்கு வழிகாட்டியுள்ளனர்.

அறிகுறியைக் காணாமை அறியாமை; கண்டும் வாளாவிருத்தல் தற்கொலை. தமிழர் விழித்தெழுக!