எந்த வீட்டில் அழுகை?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிரைண்டரில் மாவு ஓடிக்கொண்டிருந்தது. பிளஸ் டூ படிக்கும் என் மகள் வந்து, "அம்மா, உங்களுக்கு ரொம்பப் புடிச்ச பொன்மொழி ஒண்ணு சொல்லுங்க. ஸ்கூல்ல எழுதிட்டு வரச் சொன்னாங்க" என்றாள்.

எனக்கு ஒரே குஷி. பரண் மேலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கி, என் பழைய பொன்மொழி நோட்டை எடுத்துக் கொடுத்தேன். என் வயதுச் சகோதரிகள் பலரிடம் இப்படி ஒரு நோட்டு இருந்திருக்கும். தினசரி காலண்டர் தாளைக் கிழித்ததும் அதில் உள்ள வாசகத்தை மட்டும் கத்தரித்து ஒட்டுவேன். சேரன் பஸ்ஸில் ஏறினால், உள்ளே எழுதியிருக்கும் திருக்குறளை இறங்குவதற்குள் மனப்பாடம் செய்துவிடுவேன். பள்ளிக்கூடக் கரும்பலகையில் வாத்தியார் எழுதும் 'இன்றைய சிந்தனை'யும் அதில் உண்டு. காந்தியடிகள், விவேகானந்தர், நேரு எல்லோரும் என் நோட்டில் ஒன்றாகக் குடியிருக்கிறார்கள்!

மகள் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல எதும்மா உங்களுக்குப் புடிச்சது?" என்றாள்.

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்குப் பதில் வரவில்லை. இருநூறுக்கு மேல் எழுதி வைத்திருக்கிறேன். வாழ்க்கையில் ஒரு பெரிய கஷ்டம் வந்த சமயத்தில் அவற்றில் ஒன்றுகூட என் நினைவுக்கு வரவில்லை. வந்தது, நோட்டில் எழுதாத ஒரு கதை. எழுதப் படிக்கத் தெரியாத என் அமுச்சி (அம்மாவைப் பெற்றவள்) சொன்ன கதை.

அமுச்சியின் ஊர் அவினாசிக்குப் பக்கத்துக் கிராமம். இப்போது அது திருப்பூர் மாவட்டம். 2009 வரை எங்கள் கோயமுத்தூர் மாவட்டம்தான். அவினாசியின் பழைய பெயர் திருப்புக்கொளியூர். அங்கே நடந்ததாகச் சொல்லும் முதலை வாய்ப் பிள்ளை கதை, கொங்கு நாட்டுப் பெண்கள் பலருக்கும் தெரிந்ததுதான். தெரியாத சகோதரிகளுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

சுந்தரமூர்த்தி நாயனார், தம் நண்பர் சேரமான் பெருமாளைப் பார்க்க மலைநாட்டுக்குப் போகும் வழியில் இந்த ஊருக்கு வருகிறார். ஒரு தெருவில் எதிரெதிராக இரண்டு வீடுகள். ஒரு வீட்டில் மங்கல வாத்தியம், இன்னொரு வீட்டில் அழுகைச் சத்தம். என்ன என்று விசாரிக்கிறார். சில வருஷங்களுக்கு முன்னால் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் குளத்துக்குக் குளிக்கப் போனார்கள். ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. தப்பித்த பிள்ளைக்குத்தான் இன்றைக்குப் பூணூல் கல்யாணம். பறிகொடுத்தவர்கள் எதிர் வீட்டில் அழுகிறார்கள். சுந்தரர் அவர்களை அழைத்துக்கொண்டு குளக்கரைக்குப் போய்ப் பதிகம் பாடுகிறார். முதலை வந்து, விழுங்கிய பிள்ளையை அத்தனை வருஷ வளர்த்தியோடு திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் இது விரிவாக வருகிறது. அவினாசியில் பங்குனி உத்திரத்தையொட்டி இதை உற்சவமாகவே நடத்துவார்கள்.

எட்டு வயதில் அமுச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு இதைக் கேட்டபோது, என் கண்ணுக்குத் தெரிந்தது முதலை மட்டும்தான். ஒரு வருஷம் எங்கள் தோட்டத்துத் தொட்டியில்கூடக் காலை வைக்கமாட்டேன் என்று அடம் பிடித்தேனாம்!

பதினாறு வயதில் அதே கதை வேறு மாதிரி தெரிந்தது. பத்தாவதோடு என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். கூடப் படித்த சிநேகிதி சைக்கிளில் மேல்படிப்புக்குப் போவாள். நான் வாசலில் நின்று பார்ப்பேன். ஒரே குளத்தில் இறங்கிய இரண்டு பேரில் அவள் கரையேறிவிட்டாள், என்னை முதலை விழுங்கிவிட்டது என்று தலையணையை நனைப்பேன். அந்த வயதில் கதையெல்லாம் நமக்காகவே எழுதியதுபோல் தோன்றும், இல்லையா?

கல்யாணமாகிக் கோவை பீளமேட்டுக்கு வந்தேன். 2005-ல் முதன்முதலாக உண்டானேன். எதிர் வீட்டுப் பெண்ணும் மாசமாக இருந்தாள். எங்கள் இருவருக்கும் ஒரு வாரம்தான் வித்தியாசம். சேர்ந்தே செக்கப்புக்குப் போவோம். மூன்றாம் மாதம் முடிகிற தறுவாயில் எனக்குக் கலைந்துவிட்டது.

அதற்குப் பிறகு என்னைச் சுற்றி ஒரே அமைதி. என் வீட்டுக்காரர் அந்தப் பேச்சையே எடுக்கமாட்டார். மாமியார், "சின்ன வயசுதான், அடுத்தது தங்கிக்கும்" என்றதோடு சரி. சொந்தக்காரர்கள், "என்னத்தைத் தூக்குனே? பப்பாளி தின்னியா?" என்று கேட்டார்கள். எதிர் வீட்டுப் பெண் என்னைக் கண்டால் கதவைச் சாத்திக்கொள்வாள்.

நாலு மாதம் கழித்து அவளுக்கு வளைகாப்பு. காலையிலேயே ரேடியோ செட் கட்டிப் பாட்டுப் போட்டுவிட்டார்கள். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கென்று பார்த்து, ஊரிலிருந்து பஸ் பிடித்து அமுச்சி வந்து இறங்கினாள். மடியில் கருப்பட்டி, பூண்டு.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "அமுச்சி, நீங்க சொன்ன கதையெல்லாம் பொய்யிங்க. எந்த மொதலையும் திருப்பிக் குடுக்காதுங்க" என்றேன்.

அமுச்சி சண்டைக்கு வரவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மொதலைய உடு கண்ணு. அது சாமி காரியம். அந்த மனுசன் தெருவுல போறப்ப மொதல்ல என்ன பண்ணுனாரு? எந்த ஊட்டுல அழுவாச்சின்னு நின்னு கேட்டாரில்ல? அத்தன வருசமா அந்தத் தெருவுல ஆரு சாமி கேட்டாங்க?" என்றாள்.

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "பேரு ஏதாச்சும் நெனச்சு வெச்சிருந்தியா அம்மிணி?" என்று கேட்டாள்.

நினைத்து வைத்திருந்தேன். என் வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்லாத பெயர். அன்றைக்கு அமுச்சியின் காதில் சொன்னேன். சொல்லிவிட்டு அழுதேன் பாருங்கள், நாலு மாதத்து அழுகையும் சேர்ந்து வந்தது. எதிர் வீட்டுப் பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அன்றைக்கு வளைகாப்புக்கு நான் போகவில்லை. அமுச்சியும் போகச் சொல்லவில்லை. குழந்தை பிறந்து மூன்றாம் மாதம்தான் போய்ப் பார்த்தேன். "உங்க மூஞ்சியப் பாக்கவே பயமா இருந்துச்சுக்கா. என்ன பேசறதுன்னு தெரியல" என்றாள் அந்தப் பெண். பாவம், அவளுக்கும்தான் யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

2008-ல் என் மகள் பிறந்தாள். அதோடு எல்லாம் மறந்துவிட்டது என்று சொன்னால் பொய். பட்டது ஆறியது, தழும்பு இருக்கிறது.

இதில் என் தப்பு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சில வருஷங்களுக்கு முன், எங்கள் வீதிக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு பெண்ணுக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை தவறிவிட்டது. இத்தனையும் அனுபவித்த நானே, அவள் வீட்டைத் தலை குனிந்து மூன்று நாள் தாண்டிப் போனேன்! என்ன பேசுவது என்ற அதே பயம்தான். நாலாம் நாள் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு திரும்பும்போது, அமுச்சி கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். ஒரு மணி நேரம் அவள்தான் பேசினாள். நான் செய்தது இரண்டு தடவை காபி போட்டதுதான்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கர்ப்பம் என்று தெரிந்த பிறகு கலைவது, 100-க்கு 10 முதல் 15 பேருக்கு நடக்கிறது. ஆரம்ப மாதங்களில் கலைவதில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம், கருவின் குரோமோசோம்களிலேயே இருக்கும் கோளாறு. அன்றாட வீட்டு வேலை செய்ததால் வந்தது என்று உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ளாதீர்கள். ரத்தப்போக்கு அதிகமானாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே டாக்டரிடம் போங்கள். வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் பிடிக்காமல் போனால், அதையும் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பார்க்கப் போகிறவர்கள், "என்ன சாப்பிட்டே, என்ன தூக்கினே?" என்று விசாரணை செய்யாதீர்கள். "அடுத்தது பொறந்துரும்" என்றும் அவசரப்படாதீர்கள். போய் உட்காருங்கள். அவள் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் ஒரு வேளைச் சமையலைச் செய்து கொடுத்துவிட்டு, நாளைக்கும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். சொன்னபடி மறுநாளும் போங்கள்!

அமுச்சி போய்ச் சேர்ந்து பத்து வருஷத்துக்கு மேலாகிறது. என் மகளிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது, மாவு பொங்கி கிரைண்டர் விளிம்புவரை வந்துவிட்டது. அவள் என் பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தில், 'அழுகைச் சத்தம் கேட்டால், எந்த வீடு என்று நின்று கேள்' என்று எழுதினாள்.

"கீழ யாரு பேரம்மா போடறது?" என்றாள்.

"எங்க அமுச்சின்னு போடு" என்றேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு அமுச்சியோ அப்பத்தாவோ இப்படி ஒரு கதையை விட்டுப் போயிருப்பார்கள். சின்ன வயதில் கேட்டதுதானே என்று ஒதுக்கிவிடாமல், ஒரு தடவை மறுபடியும் நினைத்துப் பாருங்கள் சகோதரிகளே. அன்றைக்குக் கண்ணில் படாத ஒரு ஆள் அந்தக் கதைக்குள் நின்றுகொண்டிருக்கலாம்.