அட்டவணையில் நம் மலைக்கும் பங்குண்டு

ஆவர்த்தன அட்டவணை 1869இல் மெண்டலீவ் வகுத்த ஐரோப்பிய விவகாரம், கொழுந்து பறிப்பவர் பிள்ளைக்கு அது வெறும் மனப்பாடம் என்கிற வாதத்தை முற்றாக மறுக்கிறேன்.

இலங்கையில் நம் மலைத்தொடரின் தென்சரிவில், பலாங்கொடைப் பக்கம் கிடைத்த கனத்த கறுப்புப் படிகங்களை 1904இல் விவரித்தவர் ஆனந்த குமாரசுவாமி; அவை ஒரு புதுக் கனிமமென்று பின்னர் உறுதியானது. அதுதான் தோரியனைற்று. 1905இல் இலண்டனில் ஓட்டோ ஹான் அதிலிருந்துதான் ரேடியோதோரியம் என்ற கதிர்வீசும் பொருளைக் கண்டுபிடித்தார். அதைத் தோரியத்தோடு கலந்துவிட்டால் எந்த இரசாயன முறையாலும் பிரிக்க முடியவில்லை. இப்படி வந்து குவிந்த கதிர்வீசும் பொருள்களுக்கெல்லாம் அட்டவணையில் இடம் ஏது? ஒரே கட்டத்தில் பல வகை அணுக்கள் இருக்கலாம் என்று 1913இல் இரசாயனவியலாளர் சொடி விடை சொன்னார். பாடநூலின் 'சமதானிகள்' அவைதான்.

தோட்டத்துக்கே வாருங்கள். தேயிலைக்கு நாக சல்பேற்று தெளிக்கிறோம், அமில மண்ணுக்கு டொலமைற்று இடுகிறோம். டொலமைற்றில் கல்சியமும் மகனீசியமும் சேர்ந்திருப்பது தற்செயலல்ல, இரண்டும் அட்டவணையில் ஒரே நிரலில் நிற்பவை. தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் எதை எவ்வளவு இடுவது என்ற கணக்கைப் போடும் இடத்துக்கு நம் பிள்ளைகள் போகவேண்டும். ஆசிரியர் இல்லாத குறையைப் பாடத்தின்மேல் போடாதீர்கள். தோட்டப் பாடசாலைகளுக்கு இரசாயனவியல் ஆசிரியர் வேண்டுமென்று எங்களோடு சேர்ந்து கேளுங்கள்.