அழகர்சாமியைத் தெரியுமா, மக்களே?

தமிழ்ச் சங்கப் பொங்கல் விழான்னா கொற்கை முத்து கட்டாயம் மேடையேறிடும். ரோமாபுரிப் பெண்கள் கழுத்துல நம்ம முத்துன்னு ஒருத்தர் முழங்குவார், நாமளும் கைதட்டுவோம். தட்டுங்க, தப்பில்லை. ஆனா 1973-ல தூத்துக்குடிக் கடல்ல உருண்டை முத்தை விளைய வெச்சவர் யாருன்னு கேட்டுப் பாருங்க. அரங்கமே கப்சிப்.

அவர் பேர் கே. அழகர்சாமி. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துல சிப்பிகளை ஆராய்ந்த விஞ்ஞானி. 1961-ஓட தூத்துக்குடியில பெரிய முத்துக்குளிப்பு நின்னு போச்சு. 1972-ல வேப்பலோடையில அவர் தலைமையில முத்து வளர்ப்பு ஆய்வு ஆரம்பிச்சது. ஒரு சிப்பியோட மேலுறைத் தசையில பொடித் துண்டு வெட்டி, சிப்பி ஓட்டுல கடைஞ்ச சின்ன மணியோட சேர்த்து இன்னொரு சிப்பிக்குள்ள வைக்கணும். சிப்பி சாகக்கூடாது, மணியை வெளியே துப்பவும் கூடாது. அப்புறம் கூண்டுல போட்டுக் கடல்ல தொங்கவிட்டா, மணி மேல முத்துப்பூச்சு படியும். ஜப்பான்காரங்க வெளியே விடாம காப்பாத்தி வெச்சிருந்த வித்தை இது. நம்மாளுங்க அடுத்த வருஷமே சாதிச்சாங்க.

அதோட நிக்கலை. 1981-ல பொரிப்பகத் தொட்டியிலயே முத்துச்சிப்பிக் குஞ்சுகளை வளர்த்துக் காட்டினாங்க. தர்மராஜ், வேலாயுதன், செல்லம், விக்டர்னு கூட உழைச்சவங்க பேரோட 1983-ல 'அக்வாகல்ச்சர்' ஆய்விதழ்ல கட்டுரையும் வந்துச்சு.

"வளர்த்த முத்துதானே, அசல் இல்லையே?"ன்னு ஒரு மேதாவி கேப்பார். ஐயா, நீங்க வீட்டம்மாவுக்கு ஆசையா வாங்கிக் குடுத்த மிக்கிமோட்டோ மாலை மட்டும் என்னவாம்? அதுவும் வளர்த்த முத்துதான்!

"பெரிய தொழிலா வளரலையே?"ன்னு இன்னொருத்தர். வளரலைதான். முடியுமான்னு செஞ்சு காட்டுறது விஞ்ஞானி வேலை. முதல் போட்டுத் தொழிலாக்க வேண்டியது மத்தவங்க. அவங்க செய்யாததுக்கு இவர் பேரை ஏன் மறக்கணும்?

லீவுக்குக் கொச்சி போறோம். மட்டாஞ்சேரி யூதத்தெருவுல பழம்பொருள் கடை ஒண்ணு விடாம ஏறி இறங்கிப் பேரம் பேசுறோம். காயலுக்கு அக்கரையில, எறணாகுளத்துல, 1971-லேர்ந்து அந்த நிலையத்தோட தலைமையகம் இருக்கு. "இங்க வேலை செஞ்ச ஒருத்தர்தான் நம்ம கடல்ல முத்து விளைய வெச்சார்"னு பிள்ளைங்களுக்குக் கட்டிடத்தையாவது காட்டுறோமா? போக முடியலைன்னாலும் சாக்கு இல்லை. நிலையத்தோட ஆய்வுக் கட்டுரைகள் இணையத்துல இலவசமாவே கிடைக்குது.

நம்ம பிள்ளைங்க பரிசோதனைக் கூடத்துல வேலை செய்யப் போற பிள்ளைங்க. அவங்களுக்கு ரெண்டாயிரம் வருஷப் பெருமை மட்டும் போதாது. அந்தப் பெருமையை நேத்து ஒருத்தர் உழைச்சு மீட்டெடுத்தார்னும் தெரியணும். பாட்டன் சொத்தையே பேசிட்டு, அப்பன் சம்பாதிச்சதை மறக்குற வீடு உருப்படுமா?

அடுத்த பொங்கலுக்குக் கொற்கையைப் பத்திப் பேசுறவங்க, அழகர்சாமிக்கும் ரெண்டு நிமிஷம் ஒதுக்குங்க.