குளிரும் விரிப்பு என்று ஒன்று கிடையாது

சித்திரை பிறந்து பத்து நாள் இருக்கும். கோயம்புத்தூரிலிருந்து அக்கா மகன் வந்து இறங்கினான். கையில் பளபளவென்று ஒரு பெட்டி. "மாமா, உங்களுக்கு ராத்திரியில தூக்கமே வர்றதில்லீன்னு அம்மா சொன்னாங்க. இது கூலிங் பெட்ஷீட்டுங்க. படுத்தா ஜில்லுனு இருக்கும். பாக்டீரியாவையும் கொன்னுபோடுமுங்க. எங்க ஆபீஸ்ல பாதிப்பேரு இதுலதான் படுக்கறாங்க" என்றான். விலை கேட்டேன். மூவாயிரத்து எண்ணூறு ரூபாய்.

நான் பல்லடத்துக்காரன். எங்கள் வீட்டில் எட்டுத் தறி ஓடியது. நாற்பது வருடம் பாவும் ஊடையும் பார்த்த என் கையில் ஒரு விரிப்பைக் கொடுத்து, இதில் படுத்தால்தான் தூக்கம் வரும் என்று சொல்லும் காலம் வந்துவிட்டது. பிள்ளைமேல் எனக்குக் கோபமில்லை. பாசத்தில் வாங்கி வந்தவன். அவனை நம்பவைத்தவர்கள்மேல்தான் கோபம். தூக்கம் கடையில் கிடைக்கும், குளிர்ச்சி துணிக்குள் இருக்கும், கிருமியைக் கொன்றால் உடம்பு தேறும் என்று படித்த பிள்ளைகளே நம்பத் தொடங்கிவிட்டார்கள்.

படுத்துப் பார்க்காமல் குறை சொல்லக் கூடாது. பதினோரு ராத்திரி அதில் படுத்தேன். முதுகு பட்டவுடன் ஜில்லென்றுதான் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். மூச்சை நாலு தரம் இழுத்து விடுவதற்குள் அந்த ஜில்லிப்பு போய்விட்டது. ஒரு மணிக்கெல்லாம் வேர்த்தது. வேர்வை துணிக்குள் இறங்க வழியில்லாமல், தோலுக்கும் துணிக்கும் நடுவே பிசுபிசுவென்று நின்றது. ஐந்தாம் நாள் தலைமாட்டில் எண்ணெய்ச் சிக்கு வாடை. கிருமி செத்திருந்தால் அந்த வாடை எங்கிருந்து வந்தது? பன்னிரண்டாம் நாள் காலையில் அதை உருவிப் போட்டுவிட்டு, பீரோவின் அடித்தட்டிலிருந்து அம்மாயியின் காடா விரிப்பை எடுத்து விரித்தேன்.

அந்த விரிப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்மாயி என் அம்மாவின் அம்மா. அவர் வீடு கரடிவாவிப் பக்கம். தறியில் அறுத்த, வெளுக்காத துணியான காடாவில் மிஞ்சிய இரண்டு பிட்டுகளை எடுத்து, நடுவில் மூட்டி, ஓரம் மடித்து, கையாலேயே தைத்தது. பாவும் ஊடையும் இருபதாம் நம்பர் பருத்தி நூல். காடா புதிதாக இருக்கும்போது விறைப்பாக இருக்கும். சைசிங்கில் ஏற்றிய கஞ்சி ஒரு பக்கம், பஞ்சுக்கே உரிய மெழுகு ஒரு பக்கம். அந்த நிலையில் அது தண்ணீரைக்கூடக் குடிக்காது. சோடா உப்புப் போட்டு வேகவைத்து, நாலு வெளுப்பு வெளுத்த பிறகுதான் நூல் இளகும். இளகிவிட்டால் பிறகு முப்பது வருடம் உழைக்கும். அம்மாயி அதை வாசலில் கயிற்றுக் கட்டிலின்மேல் விரித்துப் படுத்தால் கோழி கூப்பிடும்வரை அசைய மாட்டார். எண்பத்தாறு வயதுவரை அப்படித்தான் தூங்கினார்.

இரண்டு விரிப்பையும் திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, விரலை நனைத்து ஒவ்வொரு சொட்டு விட்டேன். அம்மாயியின் விரிப்பில் சொட்டு விழுந்த இடத்திலேயே பரவி, எட்டணா அகலத்துக்கு ஈரமாகி, பேசிக்கொண்டிருக்கும்போதே காய்ந்தது. மூவாயிரத்து எண்ணூறு ரூபாய் விரிப்பில் சொட்டு முத்துப்போல உருண்டு நின்றது. சாய்த்துப் பிடித்தேன், வழிந்து ஓடியது. பிறகு ஓரத்திலிருந்து ஓர் இழை உருவித் தீக்குச்சியில் காட்டினேன். தறிக்காரன் வீட்டுக் குழந்தைக்கும் தெரிந்த சோதனை இது. பருத்தி என்றால் காகிதம்போல எரிந்து சாம்பலாகி உதிரும். இது சுருண்டு, உருகி, கறுப்பு மணியாக விரலில் ஒட்டியது. பெட்டியின் முன்பக்கத்தில் மலையும் பனியும். பின்பக்கத்தில், கண்ணாடி போட்டால் தெரிகிற எழுத்தில், பாலியஸ்டர் 85 சதவீதம்.

பருத்தி தன் எடையில் எட்டரை சதவீதம் ஈரத்தைக் காற்றிலிருந்தே இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் வைத்துக்கொள்வது அரை சதவீதம்கூட இல்லை, 0.4தான். ஜவுளித் தொழிலில் இருக்கும் எவரும் மறுக்க முடியாத கணக்கு இது. நம் ஊர் வெயிலில் உடம்பைக் குளிர வைப்பது வேர்வை காய்வதுதான். ஒரு லிட்டர் வேர்வை ஆவியாகும்போது சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டு போகும். வேர்வையைக் குடித்து, பரப்பி, காற்றுக்குக் கொடுக்கிற துணி உடம்பைக் குளிர்விக்கும். வேர்வையை முத்தாக உருட்டி நிறுத்துகிற துணி எதைக் குளிர்விக்கும்?

அப்படியானால் முதலில் வந்த ஜில்லிப்பு என்ன? அதை அளக்க ஒரு கணக்கே வைத்திருக்கிறார்கள், க்யூ மேக்ஸ் என்று பெயர். சூடான தகடு துணியில் பட்ட கணத்தில் எவ்வளவு வேகமாக வெப்பம் துணிக்குள் இறங்குகிறது என்பதன் உச்ச அளவு. அந்த உச்சம் முதல் நொடிக்குள்ளேயே வந்து போய்விடும். எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு ஒரு நொடி அளவைச் சான்றாகக் காட்டி விற்கிறார்கள். சிமெண்டுத் தரையில் கை வைத்தாலும், சில்வர் தட்டில் கன்னம் வைத்தாலும் அதே ஜில்லிப்புதான். அதற்காக யாரும் தட்டை விரித்துப் படுப்பதில்லை.

இன்னொரு வகை இருக்கிறது. துணிக்குள் நுண்ணிய மெழுகு உருண்டைகளைப் பதித்தது. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஆய்விலிருந்து வந்தது என்று பெருமை பேசுவார்கள், அது உண்மையும்கூட. மெழுகு உருகும்போது வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். 28 டிகிரியில் உருகும் மெழுகு என்றே வைத்துக்கொள்வோம். என் அறையில் சித்திரை மாதம் ராத்திரி பத்து மணிக்குச் சுவர் வெப்பமானி 33 காட்டுகிறது. நான் போய்ப் படுக்குமுன்பே அந்த மெழுகு முழுக்க உருகி முடிந்திருக்கும். மறுபடி இறுக வேண்டுமானால் அறை 28க்குக் கீழே இறங்க வேண்டும். ஏசி போட்டால் இறங்கும். ஏசி போட்ட அறைக்கு மெழுகு விரிப்பு எதற்கு? இந்தக் கேள்வியை ஒரு விளம்பரமாவது எழுப்பியதுண்டா? அம்மாயியின் விரிப்புக்கு ஏசி தேவைப்பட்டதில்லை.

இனி கிருமிக் கதை. 99 சதவீதம் கொல்லும் என்று பெட்டியில் எழுதியிருக்கிறார்கள். எங்கே கொல்லும்? ஆய்வுக்கூடத்தில், சிறு துண்டுத் துணியில் ஒரு வகைக் கிருமியை விட்டு, ஒரு நாள் வைத்திருந்து எண்ணிப் பார்த்த கணக்கு அது. எண்ணெய் தேய்த்த தலையும், வேர்த்த முதுகும், எச்சில் வடிக்கும் குழந்தையும் படுக்கும் விரிப்பில் எடுத்த கணக்கு இல்லை. அமெரிக்காவில் இப்படி மருந்து ஏற்றிய துணி விற்பவர்கள் 'துணி வாடை அடிக்காமல் காக்கும்' என்ற அளவில்தான் சொல்லிக்கொள்ளலாம். 'படுப்பவருக்கு நோய் வராது' என்று சொல்ல வேண்டுமானால் அரசிடம் தனியாகப் பதிவு செய்து நிரூபிக்க வேண்டும். அங்கே துணியைக் காக்கும் மருந்து, நம் ஊர் விளம்பரத்தில் பிள்ளைகளைக் காக்கும் மருந்தாகிவிடுகிறது.

டிரைக்ளோசான் என்ற கிருமிக்கொல்லியை ஒரு காலத்தில் சோப்பு, பற்பசை, துணி என்று எல்லாவற்றிலும் போட்டார்கள். 2016இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், அதையும் சேர்த்து 19 ரசாயனங்களைக் கைகழுவும் சோப்புகளிலிருந்து நீக்கச் சொன்னது. சாதா சோப்பையும் தண்ணீரையும்விட இவை மேல் என்று கம்பெனிகளால் காட்ட முடியவில்லை என்பதுதான் அது சொன்ன காரணம். வெள்ளித் துகள் பூசிய துணி என்று இன்னொன்று. 2008இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அப்படிப்பட்ட காலுறைகளைத் துவைத்துப் பார்த்தார்கள். சிலவற்றில் நாலு துவைப்பிலேயே வெள்ளி ஏறக்குறைய முழுவதும் தண்ணீரோடு போய்விட்டது. நாலு வெளுப்பில் அம்மாயியின் விரிப்பு வேலை செய்யத் தொடங்கியது. இது நாலு வெளுப்பில் வேலையை முடித்துக்கொள்கிறது.

தண்ணீரோடு கரைந்த வெள்ளி எங்கே போகும்? சாக்கடைக்கு. சாக்கடை நொய்யல் ஆற்றுக்கு. நொய்யலுக்கு நாம் செய்தது போதாதா? அதன் குறுக்கே 1992இல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாகி, 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும்வரை போனது. அந்தக் காயம் ஆறுமுன் ஒவ்வொரு வீட்டு வாஷிங் மெஷினையும் சின்னச் சாயப்பட்டறையாக மாற்றப் பார்க்கிறார்கள்.

கிருமி என்றாலே கொல் என்ற இந்தப் புத்திக்கு நாம் ஏற்கெனவே விலை கொடுத்துக்கொண்டிருக்கிறோம். கோழிக்கு நோய் இல்லாதபோதும் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கோலிஸ்டின் கலக்கும் வழக்கம் நாட்டில் இருந்தது. மற்ற மருந்தெல்லாம் தோற்ற பிறகு ஆஸ்பத்திரியில் கடைசியாக எடுக்கும் மருந்து அது. 2019இல் மத்திய அரசு அதைக் கால்நடைக்குத் தடை செய்தது. கறிக்கோழிக்குப் பேர்போன ஊரில் இருப்பவன் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. காரணமில்லாமல் மருந்தைத் தெளித்தால் கிருமி பலமாகும் என்பதைக் கோழிப் பண்ணையில் படித்தவர்கள், படுக்கையறையில் ஏன் மறக்கிறோம்? நம் தோலே கோடிக்கணக்கான நுண்ணுயிர்களின் வீடு. பெரும்பாலானவை தீங்கு செய்யாதவை. அவற்றால் யாருக்கும் தூக்கம் கெட்டதில்லை. வாரம் ஒருமுறை சோப்புப் போட்டுத் துவைத்து, பகலெல்லாம் வெயிலில் காயப்போட்ட விரிப்பில் வாடை வராது. அம்மாயியின் விரிப்பில் வந்ததில்லை.

சரி, ஏன் தூக்கம் வருவதில்லை? தலைக்குமேல் பாருங்கள். அம்மாயி வீடு நாட்டு ஓடு வேய்ந்தது. ஓட்டின் இடுக்கெல்லாம் காற்று வரும். நாம் தார்சு போட்டுவிட்டோம். பகல் முழுக்க வெயிலைக் குடித்த கான்கிரீட் ராத்திரி முழுக்க அதை நம்மேல் கக்குகிறது. ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பிக் கேத்தனூர்ப் பக்கம் வரிசை வரிசையாகக் காற்றாலை நட்டிருக்கிறார்கள். நாம் அந்தக் காற்று வரும் மேற்கு ஜன்னலைக் கொசுவுக்குப் பயந்தும் பக்கத்து வீட்டுக்குப் பயந்தும் அடைத்துவிட்டோம். கீழே வெப்பத்தை விடாத ஃபோம் மெத்தை. கையில் ஒரு மணிவரை செல்போன். இத்தனையையும் வைத்துக்கொண்டு விரிப்பை மாற்றினால் தூக்கம் வருமா?

தறிக்குடோனில் ராத்திரி ஷிப்டு ஓட்டிவிட்டுக் காலை ஏழு மணிக்கு வீட்டுக்குப் போகிறவனைக் கேளுங்கள். தகரக் கூரையின் கீழ், பிள்ளைகள் சத்தத்துக்கு நடுவே, பகலில் தூங்கப் பார்க்கிறான். அவனுக்கு வேண்டியது கூலி. பிக் எனப்படும் ஒவ்வொரு ஊடை ஓட்டத்துக்கும் இத்தனை பைசா என்று எண்ணிக் கொடுக்கும் கூலியை உயர்த்தக் கேட்டு, 2025 மார்ச்சில் தொடங்கி ஏறக்குறைய ஒரு மாதம் கோவை, திருப்பூர் மாவட்டக் கூலித் தறிக்காரர்கள் தறியை நிறுத்தினார்கள். அப்போதெல்லாம் நகரத்தில் எத்தனை பேர் திரும்பிப் பார்த்தார்கள்? இங்கே நெய்த காடா வடநாட்டுக்குப் போய்ச் சாயம் ஏறி, பூப்போட்டு, பல மடங்கு விலைக்குத் திரும்பி வருகிறது. அதையாவது வாங்கினால் பருத்தி கிடைக்கும். அதையும் ஒதுக்கிவிட்டு, உருகி மணியாகிற நூலுக்கு மூவாயிரத்து எண்ணூறு கொடுக்கிறோம். சென்னிமலையில் கைத்தறிப் போர்வை நெய்பவர்கள் வாங்க ஆளில்லாமல் அடுக்கி வைத்திருக்கும்போது கொடுக்கிறோம்.

அக்கா மகனிடம் இதையெல்லாம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்ப எங்க ரூமுக்கும் ஒரு காடா விரிப்பு தெச்சுக் குடுங்க மாமா" என்றான். பத்து மீட்டர் எடுத்து வேகவைத்து வெளுத்திருக்கிறேன். கொடியில் காய்கிறது.

உங்களுக்கும் சொல்கிறேன். அடுத்து விரிப்பு வாங்கும்போது பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள். முழுப் பருத்தியா என்று கேளுங்கள். கடைக்காரர் குளிர்ச்சி, கிருமி என்று தொடங்கினால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காட்டச் சொல்லுங்கள். உருண்டு நின்றால் வாங்காதீர்கள்.