காட்டுக் கணக்கு யாருக்குச் சொந்தம்?

காடு எவ்வளவு அழிகிறது என்ற கணக்கு மக்களுக்குத் தெரிய வேண்டுமா? கட்டாயம் தெரிய வேண்டும் என்பேன்.

பிரேசிலைப் பாருங்கள். அந்நாட்டு விண்வெளி ஆய்வு நிறுவனமான இன்பே, 1988 முதல் அமேசான் காடழிப்பைச் செயற்கைக்கோள் படங்கள் மூலம் ஆண்டுதோறும் அளக்கிறது. 2004-ல் அழிந்தது சுமார் 27,700 சதுர கிலோமீட்டர்! அதே ஆண்டு, புதிதாக வெட்டப்படும் இடங்களை உடனுக்குடன் காட்டும் 'டெட்டர்' முறை வந்தது. அதிகாரிகள் நேரே அந்த இடத்துக்கே போக முடிந்தது. வேறு நடவடிக்கைகளும் சேர, 2012-ல் அழிவு சுமார் 4,600 ஆகக் குறைந்தது.

2019-ல் காடழிப்பு கூடுவதாக இன்பே காட்டியதும், எண்களே பொய் என்றார் அதிபர் போல்சொனாரோ. இயக்குநர் ரிக்கார்டோ கால்வாவ் பதவி இழந்தார். ஆனால் அந்த ஆண்டின் முழுக் கணக்கு 10,000-ஐத் தாண்டியது.

ஆளை நீக்கலாம் நண்பர்களே. ஊரறிந்த கணக்கை நீக்க முடியாது. பூட்டி வைத்த கணக்கென்றால், அதிபர் சொன்னதே உண்மையாகியிருக்கும்.